பேரனுக்கு ருஸ்தம் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: என் மகன் பாகு நகரில் எண்ணெய்த் துறையில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஓர் அஜர்பைஜான் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். விரைவில் அவர்களுக்குக் குழந்தை பிறக்க இருக்கிறது. ஆண் குழந்தை என்றால், மறைந்த தன் தாத்தாவின் பெயரான ருஸ்தம் என்பதையே வைக்க வேண்டும் என்று மருமகள் ஆசைப்படுகிறாள். அது பாரசீகப் பெயர் என்றும், அந்தப் பெயர் கொண்ட வீரன் பெற்ற மகனையே கொன்றவன் என்றும் படித்ததிலிருந்து என் மனம் ஒப்பவில்லை. தங்களைத் துருக்கிய இனத்தார் என்று சொல்லிக்கொள்பவர்கள் எதற்காக ஈரானிய வீரனின் பெயரை வைக்க வேண்டும்? இது மதம் சார்ந்த பெயரா? இன்னொன்று. மருமகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் ருஸ்தமோவா என்றும், அவள் அண்ணனுக்கு ருஸ்தமோவ் என்றும், சித்தப்பாவுக்கு ருஸ்தம்லி என்றும் இருக்கிறது. திருமணப் பதிவின்போது ஓர் அலுவலகத்தில் இதைக் காட்டியே கேள்வி கேட்டார்கள். பேரனுக்கு இப்படிச் சிக்கல் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மதிப்பிற்குரிய அம்மா, பாரசீகமும் துருக்கிய மொழிகளும் கற்பிப்பதும், அந்நாட்டு ஆவணங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துத் தருவதும் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயக்கமின்றி அந்தப் பெயரை வையுங்கள். பெயரைப் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஆனால் அதைப் பதிவு செய்வதில் கவலைப்பட வேண்டிய இடங்கள் சில உண்மையாகவே இருக்கின்றன.

உங்களை மிகவும் வருத்தும் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஃபிர்தௌசி 1010-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்த ஷாநாமா என்னும் பெருங்காப்பியத்தில் ருஸ்தம் தன் மகன் சொஹ்ராபைக் கொல்வது உண்மைதான். ஆனால் அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். காணாமல் போன தன் குதிரை ரக்ஷைத் தேடி, இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானில் உள்ள சமங்கானுக்குப் போகும் ருஸ்தம், அந்நாட்டு மன்னனின் மகள் தஹ்மினாவை மணக்கிறான். மறுநாளே விடைபெறும்போது தன் கையில் கட்டியிருந்த மணியைக் கழற்றி அவளிடம் கொடுத்து, பெண் பிறந்தால் கூந்தலில் சூட்டு, ஆண் பிறந்தால் புஜத்தில் கட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறான். மகன் பிறந்து வளர்ந்து, முகம் பார்த்திராத தந்தையைத் தேடிப் படையோடு புறப்படுகிறான். ஈரானின் பகை நாடான துரானின் அரசன் அஃப்ராசியாப், தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துவிடக் கூடாது என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டு அனுப்புகிறான். ருஸ்தமை அடையாளம் காட்டுவதற்காகத் தஹ்மினா அனுப்பிவைத்த ஆள், இருட்டில் ருஸ்தமின் கையாலேயே அடிபட்டு இறந்துபோகிறான். சிறைப்பட்ட ஈரானிய வீரன் ஒருவனிடம், அதோ தெரியும் பச்சைக் கூடாரம் யாருடையது என்று சொஹ்ராப் கேட்கும்போது, தங்கள் தலைவனுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் சீனத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் வீரர் என்று அவன் பொய் சொல்கிறான். கடைசியில் களத்தில் நேருக்கு நேர் நிற்கும்போது, நீங்கள்தான் ருஸ்தமோ என்று எனக்குத் தோன்றுகிறது என்று மகனே கேட்கிறான். நான் ருஸ்தம் இல்லை, அவர் பெரும் வீரர், நான் எளியவன் என்கிறான் ருஸ்தம்.

முதல் நாள் ஈட்டி, வாள், கதாயுதம், வில் என்று எல்லாம் பார்த்தும் வெற்றி தோல்வி இல்லை. அடுத்து நடந்த மல்யுத்தத்தில் சொஹ்ராப் தந்தையைக் கீழே தள்ளி மார்பில் ஏறி அமர்ந்து கத்தியை உருவிவிடுகிறான். முதல் முறை வீழ்த்தியவனைக் கொல்வது எங்கள் நாட்டு வழக்கம் அல்ல என்று சொல்லி ருஸ்தம் தப்பிக்கிறான். மறுபடி மோதும்போது ருஸ்தம் அந்த வழக்கத்தைத் தானே மதிக்காமல், தள்ளிய வேகத்தில் கத்தியைப் பாய்ச்சிவிடுகிறான். என் தந்தை ருஸ்தம் உன்னைச் சும்மா விடமாட்டார் என்று சொல்லிக்கொண்டே அந்த இளைஞன் தன் புஜத்தில் கட்டியிருக்கும் மணியைக் காட்டுகிறான். மரணத்தைத் தடுக்கும் மருந்து ஈரான் அரசன் கைகாவூஸ் கையில் இருந்தும், தந்தையும் மகனும் சேர்ந்துவிட்டால் தன் அரியணைக்கு ஆபத்து என்று எண்ணி அவன் அதை உரிய நேரத்தில் தர மறுக்கிறான்.

அம்மா, இந்தக் கதையில் ருஸ்தம் தன் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான். பெயரை மறைத்தவர்கள், மறைக்கச் சொன்னவர்கள், சொல்ல வந்து வாய்ப்பிழந்தவர்கள் ஆகியோரின் செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துதான் அந்த மரணம் நேர்கிறது. அந்தப் பெயர் இன்ன கேட்டைக் கொண்டுவரும் என்று இந்தக் காப்பியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மக்கள் யாரும் எண்ணவில்லை. ருஸ்தம் மட்டுமன்றி, இறந்துபோன சொஹ்ராபின் பெயரும் ஈரானிலும் அஜர்பைஜானிலும் இன்றுவரை ஆண் பிள்ளைகளுக்கு வைக்கப்படுகிறது. நம் நாட்டுப் பார்சிகளிடமும் இதே நிலைதான். புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமான சொராப் மோதியின் உடன்பிறந்த அண்ணன் பெயர் ருஸ்தம். ஒரே தாய் தன் இரு பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களையும் வைத்திருக்கிறார் என்பதைவிட உங்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. பதினாறு வயதில் சக்கரவியூகத்தில் தனியாகச் சிக்கி மாண்ட அபிமன்யுவின் பெயரை நம் வீடுகளில் ஆசையாக வைப்பதில்லையா, அப்படித்தான் இதுவும்.

குழந்தையைக் கையில் ஏந்திப் பெயர் சொல்லும் அஜர்பைஜான் பாட்டியின் மனத்தில் வருவது வேறு ருஸ்தம். தாய் ருதாபா பேறுகாலத்தில் உயிருக்குப் போராடியபோது, சீமுர்க் என்னும் தெய்வப் பறவையின் அறிவுரைப்படி அவளுக்கு மதுவைக் கொடுத்து மயக்கி, வயிற்றுப் பக்கவாட்டைக் கீறி எடுக்கப்பட்ட மாபெரும் குழந்தை அவன். ஏழு சோதனைகளைக் கடந்து, வெள்ளை அரக்கனை அவன் குகையிலேயே வென்று, சிறைப்பட்டிருந்த அரசனை மீட்டவன். அவன் தந்தையின் பெயர் சால். துருக்கியர் அவனைச் சாலின் மகன் என்ற பொருளில் சாலோலு ருஸ்தெம் என்று தங்கள் மொழி மரபிலேயே அழைக்கிறார்கள். அஜர்பைஜானில் ருஸ்தம் சால் என்று சொன்னால் மலைபோன்ற உடற்கட்டும் அஞ்சாத நெஞ்சும் உள்ளவன் என்று பொருள். உஸ்பெக் கதைப்பாடகர்கள் ருஸ்தம்கான் என்ற பெயரில் தங்களுக்கென்றே ஒரு வீரனைப் படைத்துப் பாடி வந்திருக்கிறார்கள். அவன் கதைக்கும் ஷாநாமாவின் கதைக்கும் பெரிதாகத் தொடர்பு கிடையாது. பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது.

இப்படிப்பட்ட பெயர் துருக்கிய மக்களிடம் எப்படி வேரூன்றியது என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் நினைப்பதுபோல் ருஸ்தம் பாரசீகப் பெயர்தான், அதில் ஐயமில்லை. பெயரின் பின்பகுதி வலிமை என்ற பொருள் கொண்ட பழைய ஈரானியச் சொல். ஆனால் மொழி பாரசீகமானது என்பதால் பெயர் பாரசீகருக்கு மட்டும் சொந்தமானது என்று முடிவு செய்ய முடியாது. ஷாநாமாவை ஃபிர்தௌசி யாரிடம் கொண்டுபோய்ச் சமர்ப்பித்தார் என்பதைப் பாருங்கள். கஜினி மஹ்மூது துருக்கிய வம்சத்து அரசர். மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனத்தோலியாவிலும் அடுத்தடுத்து அரசாண்ட துருக்கிய அரச குலங்கள் பலவற்றுக்கும் பாரசீகம்தான் நிர்வாகத்தின் மொழியாகவும் கவிதையின் மொழியாகவும் விளங்கியது. வீட்டில் துருக்கியம், அரசவையில் பாரசீகம், தொழுகையில் அரபு என்று மூன்று மொழிகளோடு வாழ்ந்த சமூகம் அது. அனத்தோலியாவில் கோன்யாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட செல்ஜுக் சுல்தான்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கைகுஸ்ரோ, கைகாவூஸ், கைகுபாத் என்று ஷாநாமா அரசர்களின் பெயர்களை வரிசையாக வைத்தார்கள். தப்ரீஸில் இருந்து ஆண்ட அக் கோயுன்லு என்னும் துருக்மேன் குலத்தில் 1492 முதல் 1497 வரை ஆட்சியில் இருந்தவரின் பெயரே ருஸ்தம் பேக். ஈரானில் சஃபவி அரசை நிறுவிய ஷா இஸ்மாயில் கதாயி என்ற புனைபெயரில் துருக்கிய மொழியில் கவிதை எழுதியவர். அஜர்பைஜானியர் அவரைத் தங்கள் இலக்கியத்தின் தூண்களில் ஒருவராகவே கருதுகிறார்கள். அவர் தம் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் தஹ்மாஸ்ப், சாம், பஹ்ராம். இவற்றில் சாம் என்பது ருஸ்தமின் பாட்டனார் பெயர்.

அரசர்களோடு இது நின்றிருந்தால் உங்கள் சம்பந்தி வீட்டுத் தாத்தா வரை வந்திருக்காது. மக்களிடம் இப்பெயர்களைக் கொண்டுபோனவர்கள் கவிஞர்கள். இன்றைய அஜர்பைஜானில் உள்ள கெஞ்சா நகரில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நிஜாமி, குஸ்ரோவையும் ஷிரினையும் ஃபர்ஹாதையும் பஹ்ராமையும் பாரசீகத்தில் பாடினார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஹெராத் நகரில் அலிஷேர் நவாயி, ஃபர்ஹாதையே தலைவனாக்கி அக்கதையைத் துருக்கிய மொழியில் எழுதினார். அதன் பிறகு இந்தப் பெயர்கள் துருக்கிய மக்களின் வாயில் சொந்த மொழிப் பெயர்களாகவே ஒலிக்கத் தொடங்கிவிட்டன. பாகுவில் உங்கள் மகனுடைய அலுவலகத்திலேயே ஃபர்ஹாத், பெர்விஸ், பெஹ்ருஸ், ஷிரின் என்று நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் எவரும் தாம் வேற்று மொழிப் பெயரைச் சுமப்பதாக நினைப்பதில்லை.

நீங்கள் எழுப்பியிருக்கும் முரண்பாடு ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆழமானது, அதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஷாநாமாவில் ருஸ்தமின் வாழ்நாள் பகைவன் துரான் அரசன் அஃப்ராசியாப். பிற்காலத்தில் துரான் என்றால் துருக்கியர் நாடு என்றே எல்லோரும் பொருள் கொண்டார்கள். மத்திய ஆசியாவை ஆண்ட காரகானித் துருக்கிய அரசர்கள் தங்களை அஃப்ராசியாபின் வழித்தோன்றல்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். துருக்கிய மொழிகளுக்கு முதன்முதலாகப் பேரகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரி, பதினோராம் நூற்றாண்டிலேயே, தம் மக்களின் பாடல்களில் வரும் ஆல்ப் ஏர் தோங்கா என்ற வீரன்தான் பாரசீகர் சொல்லும் அஃப்ராசியாப் என்று எழுதி, அவனுக்கான ஒப்பாரி வரிகளையும் பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் துருக்கியப் பிள்ளைக்கு ருஸ்தம் என்று பெயர் வைப்பது பகைவன் பெயரை வைப்பதாகாதா?

ஆகாது என்பதற்குக் காப்பியத்திலேயே விடை இருக்கிறது. ஃபரீதூன் என்ற பேரரசன் உலகைத் தன் மூன்று மக்களுக்குப் பங்கிட்டபோது, தூர் என்பவனுக்குக் கிடைத்தது துரான், ஈரஜ் என்பவனுக்குக் கிடைத்தது ஈரான். பங்காளிச் சண்டையில்தான் பகை தொடங்குகிறது. தாயத்தார் பகையில் இரு பக்கத்து வீரர்களும் குடும்பத்தின் வீரர்களே. மேலும், ருஸ்தம் கதை ஃபிர்தௌசிக்கு முன்பே மத்திய ஆசியாவில் வாழ்ந்த கதை. சமர்கந்துக்குக் கிழக்கே, இன்று தஜிகிஸ்தான் எல்லைக்குள் இருக்கும் பஞ்சகெந்த் நகர இடிபாடுகளில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாளிகை ஒன்றின் சுவர் முழுவதும் ருஸ்தமின் வீரச்செயல்களை நீலப் பின்னணியில் தீட்டியிருந்தார்கள். அவ்வோவியங்கள் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பின்னாளில் அந்நிலத்தில் துருக்கிய மொழி பரவியபோது, மொழி மாறிய மக்களோடு கதையும் தங்கிவிட்டது. சமர்கந்தில் பழைய நகரம் புதைந்து கிடக்கும் மேட்டுக்கு அஃப்ராசியாப் என்றுதான் பெயர். தாஷ்கந்திலிருந்து சமர்கந்துக்கு 2011 முதல் ஓடும் அதிவேக ரயிலுக்கும் அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்த ரயிலில் ருஸ்தம் என்ற பெயருடைய உஸ்பெக் பயணி ஒருவராவது இல்லாத நாள் இருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மதம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான விடை போதும். ருஸ்தம் என்பது இஸ்லாத்துக்கு முந்தைய பெயர். அஜர்பைஜானில் புழங்கும் பெயர்களில் அலி, ஹுசைன், ஃபாத்திமா போன்றவை அரபு மொழியின் வழியாகச் சமயத்தோடு வந்தவை. எல்ச்சின், ஓர்கான், ஐசெல் போன்றவை துருக்கியச் சொற்களால் ஆனவை, இருபதாம் நூற்றாண்டின் இன உணர்வோடு பெருகியவை. ருஸ்தம், ஃபர்ஹாத் போன்றவை காப்பியத்திலிருந்து வந்தவை. முஸ்லிம்களும் பார்சிகளும் ஒரே பெயரை வைத்துக்கொள்வதிலிருந்தே இது எந்தச் சமயத்தின் அடையாளமும் அல்ல என்பது விளங்கும். இரு வேறு சமயக் குடும்பங்கள் இணைந்திருக்கும் உங்கள் வீட்டுக்கு, சொல்லப்போனால், இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடுவது கடினம்.

நம் ஊரோடும் இந்தப் பெயருக்கு ஒரு தொடர்பு உண்டு. உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த ருஸ்தம் காசிம்ஜானோவ் 2004-இல் திரிப்போலியில் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய உலகச் சாம்பியன் போட்டியில் வாகை சூடியவர். நம் சென்னை விஸ்வநாதன் ஆனந்த் 2008-இல் கிராம்னிக்கையும், 2010-இல் தோபலோவையும், 2012-இல் கெல்ஃபாண்டையும் எதிர்த்துப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட மூன்று முறையும் அவருடைய பயிற்சிக் குழுவில் இருந்து உழைத்தவர். ரஷ்யாவுக்குள் இருக்கும் தத்தர்ஸ்தான் குடியரசின் தலைவராக 2010 முதல் இருக்கும் ருஸ்தம் மின்னிகானோவ், துருக்கிய இனத்தாரில் ஒரு பிரிவினரான தத்தாரியர். 2023-இல் உக்ரைனின் பாதுகாப்பு அமைச்சரான ருஸ்தெம் உமெரோவ் கிரிமியத் தத்தாரியர். ஸ்டாலின் காலத்தில், 1944-இல், கிரிமியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளையாக உஸ்பெகிஸ்தானில் பிறந்தவர். உதுமானியப் பேரரசில் சுல்தான் சுலைமானின் தலைமை அமைச்சராக இருந்த ருஸ்தெம் பாஷாவின் பெயரால் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய மசூதி, அதன் இஸ்னிக் நகரத்து வண்ண ஓடுகளுக்காக இன்றும் இஸ்தான்புல்லில் பலரை ஈர்க்கிறது. உங்கள் பேரன் பெரிய கூட்டத்தில்தான் சேரப் போகிறான்.

இனிக் குடும்பப் பெயருக்கு வருகிறேன். உங்கள் மருமகள், அவளுடைய அண்ணன், சித்தப்பா ஆகிய மூவரின் குடும்பப் பெயரும் ஒன்றே. ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு முன் அப்பகுதி மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் என்ற வழக்கம் பரவலாக இல்லை. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று தந்தை பெயரோடு ஓக்லு, கிஸி ஆகிய சொற்களைச் சேர்த்துச் சொல்வதே முறையாக இருந்தது. ரஷ்ய நிர்வாகம் முன்னோர் ஒருவரின் பெயரை எடுத்து, அதோடு ஓவ் என்ற விகுதியைச் சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றியது. சோவியத் காலத்தில் அது எல்லோருக்கும் நிலைத்துவிட்டது. ரஷ்ய இலக்கணப்படி ஆணுக்கு ருஸ்தமோவ், பெண்ணுக்கு ருஸ்தமோவா. 1991-இல் விடுதலை பெற்ற பிறகு, ரஷ்ய விகுதி வேண்டாம் என்று எண்ணிய பலர் அதை நீக்கிவிட்டு லி அல்லது சாதே என்ற விகுதியை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மருமகளின் சித்தப்பா அவர்களில் ஒருவர். இந்த விகுதிகள் ஆண், பெண் என்று மாறுவதில்லை.

இம்மாற்றம் புதியதும் அல்ல. அஜர்பைஜானின் பெரும் கவிஞர்களில் ஒருவரான சுலைமான் ருஸ்தம் (1906–1989) பிறந்தபோது ருஸ்தம்சாதே. விகுதியை முழுவதுமாக விட்டுவிட்டு வெறும் ருஸ்தமையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். அவர் காலத்து இசையமைப்பாளரும், தார் இசைக்கருவியைக் கற்பித்தவருமான சயீத் ருஸ்தமோவ் ஓவ் விகுதியோடே வாழ்ந்து மறைந்தார். துருக்கியில் நிலைமை வேறு. அங்கே 1934-ஆம் ஆண்டுக் குடும்பப் பெயர்ச் சட்டத்தையொட்டி வந்த விதிகள், ஓவ் போன்ற அயல்மொழி விகுதிகளோடு பாரசீகச் சாதேயையும் சேர்த்துத் தடை செய்தன. ஆகவே அங்கே அதே குடும்பம் ருஸ்தெமோலு என்று ஆகியிருக்கும். ஆக, அலுவலகத்தில் யாராவது மறுபடி கேட்டால், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் ஓவ், ஓவா, லி ஆகியவை ஒரே குடும்பப் பெயரின் வடிவங்கள் என்று ஒரு குறிப்பு எழுதி வாங்கி, மருமகளின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு இணைத்துக் கொடுங்கள். பெற்றோர் பெயர் அச்சான்றிதழில் இருப்பதால் உறவு தெளிவாகிவிடும்.

பேரன் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது விகுதியைவிட எழுத்துக்கூட்டலை. இதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அரபு எழுத்தில் இந்தப் பெயருக்கு ரே, சீன், தே, மீம் என்று நான்கே எழுத்துகள். உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. அதனால் நாட்டுக்கு நாடு உயிரொலி மாறிவிட்டது. ஈரானியர் ரொஸ்தம் என்கிறார்கள், உஸ்பெக்குகள் ருஸ்தம் என்கிறார்கள், துருக்கியரும் கசாக்குகளும் ருஸ்தெம் என்கிறார்கள். அஜர்பைஜானியரின் முதல் உயிர், நாக்கை இ என்று சொல்வதற்கு வைத்துக்கொண்டு உதடுகளை உ என்பதற்குக் குவித்தால் வரும் ஒலி. இரண்டாவது உயிர், பேங்க் என்று எழுதிவிட்டு நாம் ஆங்கில முறையில் ஒலிக்கிறோமே, அந்த ஒலி. அதை அவர்கள் தலைகீழாகத் திருப்பிய ஆங்கிலச் சிறிய ஈ போன்ற எழுத்தால் எழுதுகிறார்கள். அந்த எழுத்து ஆங்கிலத்தில் இல்லாததால், ஒருவர் அதை ஏ எழுத்தாக மாற்றுவார், இன்னொருவர் ஈ எழுத்தாக மாற்றுவார். தாத்தாவின் பழைய ஆவணங்கள் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில் இருக்கும். அஜர்பைஜானி மொழி 1939 வாக்கில் அவ்வெழுத்துக்கு மாறி, 1991-இல் லத்தீன் எழுத்துக்குத் திரும்ப முடிவெடுத்து, 2001-இல் முழுமையாக மாறி முடித்தது. ஆகவே தாத்தாவின் பெயரை அப்படியே வைக்கிறோம் என்று சொன்னாலும், எந்த எழுத்துக்கூட்டலில் என்பதை நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும்.

என் பரிந்துரை, ஆங்கிலத்தில் இரண்டாம் அசைக்கு ஏ எழுத்தைப் பயன்படுத்தும் வடிவம். இந்தியாவில் பார்சிகளால் பழகிய வடிவத்துக்கு அது நெருக்கமானது, இங்குள்ள எழுத்தர்களுக்கும் பழக்கமானது. எதை எடுத்தாலும் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட் ஆகிய அனைத்திலும் அதே வடிவம் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் மகனுடைய பெயரில் வரும். அஜர்பைஜான் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பகுதிகள் உண்டு. தந்தையின் பெயரைப் பிள்ளைக்கு இன்ஷியலாக வைக்கும் நம் வழக்கத்துக்கு இது மிகவும் நெருங்கியது. ஆனால் அயல்நாட்டுப் பெயர்களை அவர்கள் காதில் கேட்கும் ஒலிப்படி தங்கள் எழுத்தில் எழுதுவார்கள். அவர்களுடைய எழுத்துமுறையில் ஜ ஒலிக்குரியது ஆங்கிலச் சி எழுத்தின் வடிவம், வல்லின க ஒலி மெலிந்து முருகன் என்பதில் வருவதுபோல் ஒலிப்பதற்குரியது ஆங்கிலக் கியூ எழுத்தின் வடிவம். தந்தையின் பெயர் ராஜன் என்று வைத்துக்கொள்வோம். பாகுவில் எழுதிய சான்றிதழை இங்கே ஒருவர் ஆங்கிலமாக எண்ணிப் படித்தால் ராகன் என்றுதான் படிப்பார். தந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அது பொருந்தாது. எனவே பதிவின்போதே மகன் தன் பாஸ்போர்ட்டை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பில் தந்தை பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வைக்க வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள உதவும் சான்று முத்திரைக்கு அப்போஸ்டில் என்று பெயர். இந்தியா, அஜர்பைஜான் இரண்டும் அதற்கான உடன்படிக்கையில் இருக்கின்றன. ஆதலால் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை பெற்றுவிட்டால் இங்கே அது செல்லும்.

குழந்தையை இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்வதாக இருந்தால், பிறந்த ஓராண்டுக்குள் பாகுவில் உள்ள நம் தூதரகத்தில் பதிய வேண்டும். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் குழந்தைக்கு இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டியிருக்கும். தாய் அஜர்பைஜான் குடிமகள் என்பதால், இரண்டில் எது என்பதைப் பெற்றோர் இருவரும் குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், நம் குடும்பங்களில் செய்வதுபோல் எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே எழுதிக் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்க மறுத்தபோது தமிழ்க் குடும்பங்கள் பல தவித்தன. கோவைக்கும் பாகுவுக்கும் இடையே வளைகுடா வழியாகத்தான் பெரும்பாலும் பயணம் அமையும். குழந்தையின் பெயர்க் கட்டத்தில் ருஸ்தம், குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் மகனின் பெயர் என்று இருந்தால் போதும். தொட்டிலிட்டு நீங்கள் சூட்ட விரும்பும் தமிழ்ப் பெயரை வீட்டில் தாராளமாகச் சொல்லி அழையுங்கள். அதைப் பாஸ்போர்ட்டில் மட்டும் இரண்டாவது பெயராகச் சேர்க்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் இல்லாத பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால், பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஒவ்வோர் இடத்திலும் அதற்கு விளக்கம் எழுத வேண்டி வரும். மருமகளுக்குச் சம்மதம் என்றால், பாகுவில் பதியும்போதே இரு பெயர்களையும் சேர்த்துப் பதிய இயலுமா என்று அங்குள்ள பதிவு அலுவலகத்தில் உங்கள் மகனைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.